தண்ணித் தொட்டிக்கு அடுத்த நிறுத்தம்

டெப்போவில் அவருக்கு அரைபிரேக் என்று பெயர். பிரேக்கை முழுசாக மிதித்ததே கிடையாது. சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாகத் தளரும். கடைசியில் ஒரு தொடல், அவ்வளவுதான். தூங்கும் பயணிகள் விழிக்க மாட்டார்கள். வண்டி நின்றதே தெரியாமல் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அவரிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

"அரைபிரேக்கு வண்டில பிரேக்கே தேயுறதில்ல. ஒர்க்‌ஷாப்காரங்க பொழப்புல மண்ணைப் போடுறாரு" என்று மற்ற டிரைவர்கள் சொல்வார்கள். கேலிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பல வருடங்களாக அவருக்கு ஒரே கண்டக்டர். ஒல்லியான ஆள், அவரைவிடச் சின்னவர். மற்ற கண்டக்டர்கள் இடுப்பை ஒரு சீட்டில் சாய்த்து, முழங்கையைக் கம்பியில் கோத்துக்கொண்டுதான் டிக்கெட் கிழிப்பார்கள். இவர் எதையும் பிடிக்காமல் நடுவில் நிற்பார். கல்யாண வீட்டு வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்புகிறவர் மாதிரி இருக்கும்.

அன்று காலை, தண்ணித் தொட்டி நிறுத்தத்தைத் தாண்டி மரக்கடைக்குப் போகும் வழியில், நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. இடைவெளி இல்லை. அவர் முழு பிரேக் போட்டார். வண்டி நின்றது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். வண்டிக்குள் மட்டும் ஒரு சத்தம் கேட்டது. கண்டக்டர் நடுவழி முழுக்கப் பறந்து வந்து, தலையை முன்கம்பியில் மோதி, தோள்பட்டை எலும்பு உடைந்து படியில் கிடந்தார். வேறு யாருக்கும் காயமில்லை. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அல்லது எதையாவது பிடித்திருந்தார்கள்.

மிதித்த வேகத்தில் டிரைவருடைய வலது கெண்டைக்கால் தசையும் கிழிந்திருந்தது. இருக்கையை விட்டு இறங்கி நிற்கப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்று முடிவானது. ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்று அதிகாரி சொன்னார். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். மனைவி சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர் தலையாட்டினார். பிறகு தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

தசை சேர்ந்துவிட்டது. ஸ்கேனில் எல்லாம் சரி. ஆனால் நொண்டல் போகவில்லை. நடந்தால் வலி, நடக்காவிட்டாலும் வலி. அவர் நாற்காலியை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். சத்தம் இல்லாமல் டிவி ஓடும். முகச்சவரம் எப்போதாவது. பக்கத்தில் போய் ஏதாவது கேட்டால், "ம்" என்பார். இன்னொரு தடவை கேட்டாலும் அதே "ம்".

கண்டக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இரண்டு தடவை பார்க்க வந்தார். இரண்டு தடவையும் டிரைவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மனைவி வாசலிலேயே நின்று, "தூங்குறாரு தம்பி" என்றாள். பொய் சொல்லும்போது அவளுக்குக் காது சிவந்துவிடும்.

"தூங்கட்டும் அண்ணி. டியூட்டிலதான் தூங்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவையும் அவர் போய்விட்டார்.

மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்று துணியை விரித்துக் காட்டி, மறுபடி மடித்து வைத்துவிட்டு வருவாள். வந்தால் காலையில் விட்டுப்போன இடத்திலேயே அவர் இருப்பார். டாக்டர் ஒருவர் மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அன்றுதான் வெகு நாளைக்குப் பிறகு அவர் முழு வாக்கியம் பேசினார்.

"எனக்குக் கால்லதான் கோளாறு. தலையில இல்ல."

"கால்லன்னே வெச்சுக்குவோம். அப்ப காலுக்காவது வாங்க."

டெப்போவிலிருந்து மேனேஜர் போன் செய்திருந்தார். ஓட்ட முடியாது என்றால் கேட்டில் உட்காரும் வேலை இருக்கிறது, யோசித்துச் சொல்லட்டும் என்றார். அவர் யோசிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. மனைவி தன் தம்பியிடம் சொன்னாள்: "கேட்டு வேலையில தப்பில்லடா. ஆனா இவரு இப்ப அங்க போய் உக்காந்தாருன்னா எழுந்திருக்கவே மாட்டாரு. எனக்கு அதுதான் பயம்."

தம்பிக்கு பேக்கரி வேன். ரொட்டி போடும் நடைக்கு நடுவில் மாமாவைப் பிசியோதெரபிக்கு ஏற்றிப்போய் இறக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. வேனுக்குள் எப்போதும் சுட்ட மாவு வாசனை. அவன் வாய் ஓயாது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? என் வண்டில எத்தனையோ டிரைவருங்க பக்கத்துல உக்காந்து வந்திருக்காங்க. நான் கொஞ்சம் விரட்டினா போதும், எல்லாரும் தரையைப் போட்டு மிதிப்பாங்க. பிரேக்காம். நீங்க மட்டும் காலைத் தூக்கிக்கிறீங்க."

அவர் குனிந்து பார்த்தார். வலது பாதம் குதிகாலில் நின்றது. விரல்கள் மேலே தூக்கியிருந்தன, சூடான தரையில் வைக்க மனசில்லாதது போல.

"ஓட்டுறதப் பாத்து ஓட்டுடா" என்றார்.

பிசியோதெரபி அறை ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி. பிடித்து நடக்க இரண்டு இணைக் கம்பிகள். பெரிய நீலப் பந்து ஒன்று, காற்று கொஞ்சம் இறங்கி. அங்கிருந்த பிசியோ மேடம் ஐம்பதைத் தொட்ட பருத்த பெண்மணி. பிஸ்கட் தின்றுகொண்டே நோயாளிகளை வேலை வாங்குவார்.

"என்னைப் பாத்துச் செய்யாதீங்க டிரைவர் சார். நான் சொல்றத மட்டும் செய்யுங்க. என்னைப் பாத்தா ரெண்டு பேரும் உருண்டுருவோம்."

தம்பி முந்திக்கொண்டு வேனில் பார்த்ததைச் சொன்னான். மேடம் பிஸ்கட்டை வைத்துவிட்டு, அவருடைய செருப்பைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். வலது செருப்பில் குதிகால் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. முன்பக்கம் புதுசு போல இருந்தது. பிறகு காலை மடியில் வைத்து, கெண்டைக்காலைத் தொடாமல், முன்பக்கம் கணைக்கால் எலும்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார். அவர் கத்திவிட்டார்.

"அடிபட்டது பின்னால. வலிக்கிறது முன்னால. நாள் பூரா பாதத்தைத் தூக்கியே பிடிச்சிட்டிருக்கீங்க. தூங்குறப்பவும் இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். பாவம், இந்தத் தசை என்ன பண்ணும்?"

"நான் பிடிக்கல மேடம்."

"நீங்க பிடிக்கல. அது பிடிக்குது. அதுகிட்டதான் பேசணும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க வேண்டும். உட்கார்ந்து, ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி முன்னால் தள்ள வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு டஜன். டஜன் என்றதும் அவருக்கு அவருடைய வழித்தடம்தான் நினைவுக்கு வந்தது. அதிலும் ஒரு டஜன் நிறுத்தங்கள்தான். எண்ணுவதைவிட அது சுலபமாக இருந்தது. டெப்போ வாசல். தபாலாபீஸ். பழைய பாலம். பள்ளிக்கூடம். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு தடவை.

முதல் சில வாரங்கள் அவருக்கு நன்றாகவே இருந்தன. உடம்பு வேர்த்தது. எதையாவது செய்து களைத்தபின் வரும் தூக்கம் திரும்ப வந்தது. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று ஒரு நாள் சொன்னார். மனைவி உப்பை எடுத்து வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ஆனால் கால் ஓர் அளவுக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் பாதிக்குச் சற்றுமேல் வந்ததும் சுருக்கென்று வலித்து நின்றுவிடும். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். மறுபடி அதே இடத்தில் நிற்கும். மேடம் தடித்த பட்டையை எடுத்துவிட்டு மெல்லியதைக் கொடுத்தார். அப்போதும் அதே இடம். பட்டையே இல்லாமல் வெறும் பாதத்தை அசைக்கச் சொன்னார். அதே இடம்.

மேடம் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"டிரைவர் சார், தசைக்கு எண்ணத் தெரியாது. பாரம் கூடுனா சீக்கிரம் களைக்கும், குறைஞ்சா லேட்டா களைக்கும். உங்களுது எதுக்கும் சரியா ஒரே இடத்துல நிக்குது. அது தசை வேலை இல்ல. உதட்டுக்குள்ள என்ன முணுமுணுக்கிறீங்க?"

பள்ளிக்கூடத்துப் பையன் பிடிபட்ட மாதிரி இருந்தது. பிறகு சொன்னார். டெப்போ வாசல், தபாலாபீஸ், பழைய பாலம், பள்ளிக்கூடம், துணி மார்க்கெட், பெரியாஸ்பத்திரி, தண்ணித் தொட்டி.

"அப்புறம்?"

அவர் ரப்பர் பட்டையைக் கையில் சுற்றினார்.

"தண்ணித் தொட்டிக்கு அடுத்தது என்ன?"

"அடுத்தது ஒரு ஸ்டாப்பு."

மேடம் வற்புறுத்தவில்லை. பையன்கள் யாரோ தள்ளிவிட்டுப் போன நீலப் பந்து கம்பிக்கடியில் கிடந்தது. அதைக் காலால் ஓரமாக உருட்டிவிட்டு வந்தார்.

"சரி. போற பஸ்ஸு திரும்பி வரணுமில்ல? திரும்பி வர்ற ட்ரிப்ப ஓட்டுங்க. கடைசி ஸ்டாப்புலேர்ந்து. வாய்விட்டுச் சொல்லுங்க, நானும் ஊரைத் தெரிஞ்சுக்கிறேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். செங்கல் சூளை என்று சொல்லிக் குதிகாலைத் தூக்கினார். மில் முனை. ரயில்வே கேட். "கேட்ல ரொம்ப நேரம் நிப்பீங்களா?" என்று மேடம் கேட்டார். "சில நாள் நிக்கும்" என்றார். சினிமாக் கொட்டகை. மரக்கடை. தண்ணித் தொட்டி. பெரியாஸ்பத்திரி என்று சொல்லித் தூக்கியவர், தூக்கியபடியே நின்றுவிட்டார். தாண்டிவிட்டது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வரும்போது அந்த இடம் சாலையின் மறுபக்கம். அந்தப் பக்கத்தில் லாரி நிற்கவில்லை. சைக்கிள் வரவில்லை. எதுவும் நடக்கவில்லை.

"ஏமாத்திட்டீங்க மேடம்."

"நானா ஓட்டுனேன்? நீங்கதான ஓட்டுனீங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு பேசத் தொடங்கினார். சைக்கிளைப் பற்றி அல்ல. கண்டக்டர் நிற்கும் விதத்தைப் பற்றி. தான் ஓட்டிய விதத்தால்தான் அந்த மனிதனுக்குக் கம்பியைப் பிடிக்கும் பழக்கமே விட்டுப்போனது என்பதைப் பற்றி. ஓர் உலுக்கல் வண்டியில் நின்றிருந்தால் அவன் அன்றைக்குப் பிடித்திருப்பான். "எல்லாரும் நான் நல்லா ஓட்டுறேன்னு சொன்னாங்க மேடம். நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்." சொல்லி முடிக்கும்போது சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அடுத்த ஆள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மேடம் கையைக் காட்டி வெளியே உட்காரச் சொன்னார்.

"இதுக்கு நான் ஏதாவது பதில் சொன்னா அது சும்மா சொல்றதாத்தான் இருக்கும்" என்றார் மேடம். "கால் என் வேலை, அதை நான் பாத்துக்கிறேன். இன்னொரு டாக்டர்கிட்டப் போகச் சொன்னாங்கன்னு உங்க வீட்டுல சொன்னாங்க. போங்க. ரெண்டும் வேற வேற ஆளுக்கா நடந்துச்சு?"

அவர் போனார். ஒரு மாத்திரையும், வாரத்தில் ஒரு நாள் பேச்சும். அங்கே என்ன பேசினார் என்று வீட்டில் சொல்லவில்லை, மனைவியும் கேட்கவில்லை. போகிற ட்ரிப்பில் மரக்கடை என்று வாய்விட்டுச் சொல்ல இன்னும் சில வாரங்கள் பிடித்தன. முதல் தடவை சொன்னபோது குரல் கீச்சென்று வந்தது. மேடம் சிரித்துவிட்டார். அவரும்.

பாதம் தரையில் இறங்கியது. நொண்டல் அநேகமாகப் போய்விட்டது. ஆனால் டெப்போவுக்கு அவர் போன் செய்யவில்லை. கண்டக்டர் வீட்டுக்கும் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வருவார். பிறகு செருப்பைக் கழற்றிவிடுவார்.

"போய்ட்டு வந்துருங்களேன்" என்பாள் மனைவி.

"போறேன்."

"எப்ப?"

"போறேன்னு சொல்றேன்ல."

ஒரு நாள் பிற்பகல். மனைவி கடைக்குப் போயிருந்தாள். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். பனியனோடு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, நுனிக்காலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத வீடு. சத்தமாகவே சொன்னார். "சினிமாக் கொட்டகை... ரயில்வே கேட்டு..."

"ரயில்வே கேட்ல இறங்குறவங்கல்லாம் முன்னால வாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் மேடையை விடாமல் திரும்பினார். கண்டக்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் மெலிந்திருந்தார். தலையை மட்டும் திருப்பாமல், உடம்போடு சேர்த்துத் திருப்பி வீட்டைப் பார்த்தார்.

"இன்னிக்குத் தூங்கலையா அண்ணே?"

கட்டில் தூரத்தில் இருந்தது. "வா" என்றார் டிரைவர். நாற்காலியை நகர்த்திப் போட்டார். "தலை எப்படி இருக்கு?"

"இருக்கு. சட்டுனு திருப்புனா ஊரே சுத்துது. டிக்கெட் வாங்காம மொத்த ஊரும் சுத்திப் பாக்கலாம்."

டிரைவர் சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நின்றபடியே கேட்டார்: "நீ ஏன்டா அன்னிக்குக் கம்பியப் பிடிக்கல?"

"தோணல அண்ணே. உங்க வண்டில ஏறுனதுலேர்ந்து தோணுனதே இல்ல."

"அதான். நான் கொஞ்சம் மோசமா ஓட்டியிருந்தா நீ பிடிச்சிருப்ப."

கண்டக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோள் வலிக்கும் போல; ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதுக்கா ரெண்டு தடவ குறட்ட விட்டீங்க?"

"நான் குறட்ட விடல."

"விட்டீங்க. வாசல்வரைக்கும் கேட்டுச்சு. நிஜமாத் தூங்குறப்ப உங்களுக்குக் குறட்ட வராது. ட்ரிப்புக்கு நடுவுல எத்தனை தடவ பின்சீட்டுல பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அண்ணிதான் பாவம், முகத்த எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியாம நின்னாங்க."

டிரைவர் எதிரில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வியர்வையும் இருந்தது.

"எனக்குக் கோவம் இருந்துச்சு அண்ணே" என்றார் கண்டக்டர், சிரிப்பு அடங்கியபின். "ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப. பிரேக் போட்டதுக்கு இல்ல. ஒரு தடவகூட வந்து பாக்கலையேன்னு. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இன்னொரு விஷயமும் இருக்கு. திங்கக்கிழமை டியூட்டில சேர்றேன். உலுக்கி வண்டிக்குக் கேட்டிருக்கேன்."

உலுக்கி என்பது டெப்போவில் இன்னொரு டிரைவரின் பெயர். அவர் வண்டியில் உட்கார்ந்து போகிறவர்கள்கூட முன்சீட்டுக் கம்பியை விடமாட்டார்கள்.

"யாரு வண்டிக்கு?"

"உலுக்கி வண்டிக்கு. அங்கன்னா ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டுத்தான் நிப்பேன். உங்ககூட வந்தா மறுபடி மறந்துருவேன்."

டிரைவர் எழுந்துவிட்டார். "உனக்கு மூளை கலங்கித்தான் போச்சு. தலை ஆடக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்கல்ல? அவன் ஒரு பிரேக் போட்டான்னா உன் தலை தனியா இறங்கி நடந்து போகும். கியர் மாத்துறதே அவனுக்குக் கடப்பாரை போடுற மாதிரி. மனுஷன் ஏறுவானா அந்த வண்டில?" அறையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தார். "டாக்டர்கிட்டக் கேட்டியா? யாருகிட்டயாவது கேட்டியா?"

கண்டக்டர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அவருடன் நகர்த்தினார். "யாருகிட்டக் கேக்க? நீங்க கேட்ல உக்காரப் போறீங்களாமே."

"எவன் சொன்னான்?"

"டெப்போ பூரா சொல்லுது."

"நான் சொன்னேனா?"

"இல்லன்னும் நீங்க சொல்லலையே."

அவர் நின்றார். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

"உலுக்கிக்கு உன்னப் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல. சாயங்காலம்தான் அடுத்த வாரத்துக்குச் சார்ட்டு போடுறாங்க."

"எந்திரி."

"எங்க?"

"எந்திரிடா."

டிரைவர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஏறுவது கண்டக்டருக்குப் பரவாயில்லை. இறங்கக் கீழே பார்த்தால்தான் தலை சுற்றும். டிரைவர் ஒரு படி முன்னால் இறங்கினார். விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று.

"கீழ பாக்காத. என் பிடரியப் பாத்துட்டே வா. கைப்பிடிய விடாத."

"விடல அண்ணே."

"மெடிக்கல் டெஸ்ட்ல என்னைப் பாஸ் பண்ணுவாங்களான்னு தெரியாது. இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம்."

"அதுவரைக்கும் நான் டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். அங்க எதுவும் ஓடாது."

"இந்தா பாரு, பழைய மாதிரி இருக்காது. நான் எப்படி ஓட்டுனாலும் நீ பிடிச்சிட்டுத்தான் நிக்கணும். இல்லன்னா வண்டிய எடுக்க மாட்டேன்."

"டிக்கெட்ட எந்தக் கையால கிழிக்கிறது?"

"அது உன் பாடு."

படிகள் உயரமானவை. ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழு எடையும் வலது பாதத்தின் முன்பக்கத்தில் இறங்கி, கெண்டைக்காலில் நின்று, பிறகு இடது காலுக்குப் போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பின்னால் இறங்கி வருகிற காலடிச் சத்தத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

கீழே வெளிக்கதவருகில் மனைவி வந்துகொண்டிருந்தாள். கடையில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக இருவரும் இறங்கி வருவதைப் பார்த்து அப்படியே நின்றாள். கண்டக்டர் பின்னாலிருந்து, "முழிச்சிட்டாரு அண்ணி" என்றார். அவள் காது சிவந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?"

"டெப்போவுக்கு" என்றார் டிரைவர்.

"பனியனோடயா?"

அவர் குனிந்து பார்த்தார். கண்டக்டர் கைப்பிடியைப் பிடித்தபடி கடைசிப் படியில் மெல்ல உட்கார்ந்துகொண்டார். மனைவி சாவியை எடுத்து, "இருங்க, நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்று படியில் கால் வைத்தாள்.

"நீ நாள் பூரா நின்னுட்டு வந்திருக்க. உக்காரு" என்று சொல்லிவிட்டு, சட்டையை எடுக்க அவரே மேலே ஏறினார்.